அரசு பஸ் நஷ்டத்தில்தானே ஓடுகிறது, பட்ஜெட்டில் எதற்குப் பணம்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் நஷ்டம் என்று அரசே வெள்ளை அறிக்கையில் ஒப்புக்கொண்டுவிட்டது. அப்புறம் எதற்கு வருடா வருடம் ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்டுகிறார்கள்? ஒதுக்கீட்டைக் குறைத்து, காலியாக ஓடும் ரூட்டை நிறுத்தி, மீதியைத் தனியாரிடம் விட்டால் என்ன?"

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையில் கணக்குப் பிரிவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். ஓய்வூதியமும் அங்கிருந்துதான் வருகிறது. எனக்குச் சார்பு இல்லை என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த 59 ரூபாயை நான் பார்க்கிற விதம் வேறு. அதை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த எண் 59.15. 2021 ஆகஸ்டில், அப்போது தமிழ்நாட்டின் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்தது. கொரோனா அலை ஓய்ந்தும் ஓயாத நேரம். எண்ணில் பொய் இல்லை. அதைப் படித்தவர்கள் போட்ட மறுகணக்கில்தான் கோளாறு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் போகிறது என்றால், ஓட்டாமல் விட்டால் 59 ரூபாய் மிச்சம் என்று நினைத்துவிட்டார்கள்.

மிச்சம் ஆகாது. பஸ் லிட்டருக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர் ஓடும். டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்குப் பதினேழு ரூபாய். ஒரு நடையை நிறுத்தினால் கைக்கு வருவது அந்தப் பதினேழும், டயர் தேய்மானம், ஆயில் என்று இன்னும் சில ரூபாயும்தான். டிரைவர் சம்பளம் நிற்காது, கண்டக்டர் சம்பளம் நிற்காது, பணிமனையில் வேலை பார்க்கும் மெக்கானிக் வீட்டுக்குப் போய்விட மாட்டார். பஸ் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரிட்டயர் ஆனவர்களின் பணமும் கொடுத்தே ஆக வேண்டும். இருபது கிலோமீட்டரில் இருக்கிற ஒரு கிராமத்துக்குப் போய்வரும் மத்தியான நடை, கலெக்‌ஷன் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் டீசலில் 680 ரூபாய் மிச்சம், கலெக்‌ஷனில் 500 ரூபாய் போச்சு. ஆக 180 ரூபாய். அந்த 180 ரூபாய்க்காக ஒரு ஊருக்கே மத்தியானம் பஸ் இல்லாமல் போகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: ஓடிய கிலோமீட்டர் குறைந்துவிட்டதால், மொத்த செலவை வகுக்கும்போது 'கிலோமீட்டருக்கு நஷ்டம்' முன்பைவிட ஏறித்தான் தெரியும். அடுத்த அறிக்கையில் இன்னும் பெரிய எண். அதைக் காட்டி இன்னொரு வெட்டு.

சரி, ஓடினாலும் நஷ்டம்தானே என்பீர்கள். ஆமாம், நஷ்டம்தான். எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

சாதாரண புறநகர் பஸ்ஸின் கட்டணம் 2011 நவம்பரில் கிலோமீட்டருக்கு 28 பைசாவிலிருந்து 42 பைசா ஆனது. 2018 ஜனவரி 20 அன்று 60 பைசா. மாணவர்கள் தெருவுக்கு வந்ததும் பத்து நாளுக்குள் 58 பைசாவுக்கு இறக்கினார்கள். ஐம்பத்தைந்து சீட்டும் நிரம்பி, எல்லாரும் முழு டிக்கெட் எடுத்தால் கிலோமீட்டருக்கு வருவது 31 ரூபாய் 90 பைசா. ஸ்டேஜ் கணக்கிலும் நிற்கிறவர்களாலும் கொஞ்சம் கூடும். அதிகாலை நடையிலும் மத்தியான நடையிலும் பாதி சீட் காலி என்பதால் அதற்கு மேலேயே குறையும். அந்த 32 ரூபாயில் டீசலுக்குப் பதினேழு போக மிஞ்சுகிற பதினைந்து ரூபாயில் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், டயர், ஸ்பேர், இன்சூரன்ஸ், சுங்கச்சாவடி, வட்டி, பென்ஷன் அத்தனையும் நடக்க வேண்டும். எந்தக் கொம்பன் வந்து நிர்வாகம் பண்ணினாலும் நடக்காது. 2018 ஜனவரியில் சென்னையில் டீசல் 65 ரூபாய் சுமாரில் இருந்தது. இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கட்டணம் அதே 58 பைசாவில் நிற்கிறது.

கட்டணத்தை ஏற்றாதே என்று சொல்வது அரசு. அது நல்ல முடிவுதான், ஏழை எளியவர்கள் ஏறுகிற வண்டி. ஆனால் அந்த முடிவின் விலையை யாராவது கட்ட வேண்டும். அரசு பட்ஜெட்டில் கட்டினால் அதற்குப் பெயர் 'மானியம்'. கட்டாமல் விட்டால் அது கழகத்தின் 'நஷ்டம்'. இரண்டும் ஒரே பணம்தான். ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது, அவ்வளவே.

2025-26 பட்ஜெட்டைப் பாருங்கள். மகளிர் விடியல் பயணத்துக்கு 3,600 கோடி, மாணவர் பஸ் பாஸுக்கு 1,782 கோடி, டீசல் மானியத்துக்கு 1,857 கோடி. சேர்த்தால் 7,239 கோடி. தமிழ்நாட்டின் மொத்த வருவாய்ச் செலவில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூடத் தேறாது. முதல் இரண்டும் கழகத்துக்கு யாரோ இரக்கப்பட்டுப் போடுகிற பிச்சை கிடையாது. அரசு சொன்னதால் டிக்கெட் வாங்காமல் ஏற்றிய ஆட்களுக்கான டிக்கெட் காசு. ஹோட்டலில் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, பில் வந்ததும் 'ஹோட்டல் நஷ்டத்தில் ஓடுகிறது, நான் ஏன் பணம் தர வேண்டும்' என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? இந்த ஒதுக்கீட்டைக் குறை என்பதும் அப்படித்தான் இருக்கிறது.

விடியல் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 மே 8-லிருந்து ஓடுகிறது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. 'ஓசி' என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு சாதாரணக் கட்டண வெள்ளை போர்டு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பூக்கூடை, தூக்குவாளி, கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். அந்த 888 ரூபாய் யாருக்கு எவ்வளவு என்று புரியும்.

நம் ஊரில் வெட்டு எப்படி நடக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமான விஷயம். பேரவையில் எழுந்து 'பஸ்ஸுக்குப் பணம் குறைக்கிறோம்' என்று எந்தக் கட்சி அமைச்சரும் சொல்ல மாட்டார். சொன்னால் ஓட்டுப் போகும். ஆகவே சத்தமில்லாமல் நடக்கும். ஓடித் தேய்ந்து கண்டம் செய்ய, அதாவது கழித்துவிட, வேண்டிய பஸ்ஸைக் கண்டம் செய்யாமல் இன்னும் இரண்டு வருடம் இழுப்பார்கள். மழைக்கு உள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பயணிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் ரிட்டயர் ஆனால் அந்த இடத்தை நிரப்ப மாட்டார்கள். 2025-ல் டிரைவருடன் கண்டக்டர் வேலையும் சேர்ந்த 3,274 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு, இத்தனை இடம் காலியாகக் கிடக்கும்போது எத்தனை நடை ஓடாமல் போயிருக்கும் என்றுதான் கணக்குப் போடத் தோன்றியது.

நான் வேலை பார்த்த பணிமனையில் ஒரு நைட் ஹால்ட் பஸ் இருந்தது. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒரு கிராமத்துக்குப் போய், டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே பஞ்சாயத்துக் கட்டடத் திண்ணையில் படுத்து, காலை ஐந்தரைக்கு எடுப்பார்கள். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டுக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிறவர்கள், நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள் என்று அதற்கென்று ஒரு கூட்டம். கலெக்‌ஷன் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆள் பற்றாக்குறை வந்ததும் முதலில் கை வைத்தது அதில்தான். ஊருக்கு அறிவிப்பு கிடையாது, உத்தரவு நகல் கிடையாது. ஒரு நாள் வரவில்லை. மறுநாள் வந்தது. அப்புறம் வாரத்தில் மூன்று நாள் வந்தது. 'வருமா வராதா' என்று ஆனபிறகு ஜனங்கள் நம்பி நிற்பதை விட்டுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து கலெக்‌ஷன் சீட்டைப் பார்த்தால் 'இந்தத் தடத்தில் பயணிகள் இல்லை' என்று எழுத வசதியாக இருந்தது. எழுதினவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் சொல்கிற 'காலியாக ஓடும் ரூட்' பலவும் இப்படிக் காலியாக்கப்பட்டவைதான்.

சுங்கச்சாவடிக் கதை இன்னொன்று. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கப்பலூர் தொடங்கி நாங்குநேரி வரை நான்கு சுங்கச்சாவடிகளில் அரசு பஸ்களை விடக்கூடாது என்று உத்தரவு போட்டது. பாக்கி 276 கோடி ரூபாய். அரசு பேசித் தீர்க்கிறோம் என்று போய் நின்றதால் உத்தரவு தள்ளிப்போடப்பட்டது. ஒதுக்க வேண்டிய பணத்தை ஒதுக்காமல் விட்டால் அது எங்கேயும் மறைந்துபோகாது. பாக்கியாக ஓரிடத்தில் சேர்ந்து, ஒரு நாள் தெற்கே போகிற அத்தனை பஸ்ஸையும் மறித்து நிற்கும். ரிட்டயர் ஆனவர்களின் பணப்பலன்களும் இதே மாதிரிதான். வருடக்கணக்கில் பாக்கி வைக்கப்பட்டு, அதற்காக வேலைநிறுத்தம் நடந்து, அப்போதும் ரோட்டில் நிற்பது பயணிதான். 2018 ஜனவரியில் எட்டு நாள் பஸ் ஓடவில்லையே, நினைவிருக்கிறதா? அது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கட்டண உயர்வு வந்தது. பயணி கூடுதல் பணம் கொடுத்துக் கழகத்தைக் காப்பாற்றுவார் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். பயணி டூவீலர் வாங்கினார், ஷேர் ஆட்டோவில் ஏறினார், சென்னையில் மின்சார ரயிலுக்குப் போய்விட்டார். போனவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. டூவீலருக்குத் தவணை கட்டத் தொடங்கினவர் எதற்கு பஸ்ஸுக்குக் காத்திருக்கப் போகிறார்?

வெளிப்படையாகவே வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. பிலடெல்பியாவில் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றையும் நடத்துவது செப்டா என்ற அமைப்பு. பென்சில்வேனியா மாநில அரசின் பணத்தை நம்பித்தான் ஓடுகிறது. 2025-ல் அதற்கு 21.3 கோடி டாலர் பள்ளம் விழுந்தது. மாநில சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பணம் வரவில்லை. ஆகஸ்ட் 24 அன்று 32 பஸ் தடங்களை அடியோடு நிறுத்தினார்கள், இன்னும் 16 தடங்களைப் பாதியில் வெட்டினார்கள். கட்டணத்தை இரண்டரை டாலரிலிருந்து 2.90-க்கு ஏற்றவும் முடிவு. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது! அந்த நகரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செப்டாவில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஊரே கொதித்தது. வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் வெட்டை நிறுத்தச் சொன்னது. கடைசியில் மாநில அரசு 39.4 கோடி டாலரை எடுத்துக்கொள்ள அனுமதித்தது. செப்டம்பர் 14-ல் சேவை முழுக்கத் திரும்பியது.

எதிர்ப்பு ஜெயித்த கதைதானே என்று தோன்றும். அந்த 39.4 கோடி எங்கிருந்து வந்தது என்பதில்தான் சூட்சுமம். புது வண்டி வாங்கவும் தண்டவாளம் சரிபார்க்கவும் ஒதுக்கியிருந்த முதலீட்டுப் பணம் அது. அதே வருடம் 1970-களில் வாங்கிய அவர்களுடைய ரயில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்து, அத்தனையையும் சோதிக்க வேண்டியதாயிற்று. விதைநெல்லை எடுத்துச் சோறு வடித்தால் அடுத்த போகம் எப்படி இருக்கும்? நாம் புது பஸ் வாங்குவதைத் தள்ளிப்போட்டு சம்பளம் போட்டதும் இதே சமையல்தான். அவர்கள் அறிவித்துச் செய்தார்கள், அதனால் எதிர்க்க ஒரு தேதியாவது கிடைத்தது.

தனியாரிடம் விட்டுவிடலாம் என்ற உங்கள் மூன்றாவது யோசனை புதிது இல்லை. மத்தியப் பிரதேசம் அதைச் செய்து பார்த்துவிட்டது. 2005-ல் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தை மூடுவது என்று முடிவெடுத்து, ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்பி, தடங்களைத் தனியாரிடம் விட்டார்கள். லாபம் வருகிற தடத்தில் பஸ் கொட்டிக்கிடந்தது. மற்ற இடத்தில் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போனார்கள். இருபது வருடம் கழித்து, 2025 ஏப்ரலில், அதே மாநில அமைச்சரவை மறுபடியும் அரசு மேற்பார்வையில் பஸ் விட ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 'முக்கியமந்திரி சுகம் பரிவஹன் சேவா' என்று பெயர். இடித்த வீட்டைத் திரும்பக் கட்டுகிறார்கள், அதுவும் பணிமனைகளும் பழகிய ஆட்களும் கைவிட்டுப் போன பிறகு.

தனியார் பஸ்காரர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. காலை எட்டு மணிக்கு முன்னால் ஓடி, கூட்டத்தை அள்ளிக்கொண்டு போவார்கள். மத்தியானம் இரண்டு மணி நடையை 'வண்டி ரிப்பேர்' என்று விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அது தொழில். 1972-ல் பல்லவன், அப்புறம் சேரன், சோழன் என்று பஸ்ஸை அரசு கையில் எடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணமே, நல்ல தடத்தில் வரும் காசைக் கொண்டு நலிந்த தடத்தையும் ஓட்ட வேண்டும் என்பதுதான். நல்ல தடத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நலிந்த தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'பார், நஷ்டம்' என்றால் அது நியாயம் ஆகாது.

இதற்காகக் கழகங்கள் உத்தமம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பேர் வாங்குவதில் நடக்கிற கூத்து எனக்கே தெரியும். ஒரே தடத்தில் மூன்று பஸ் வால் பிடித்துக்கொண்டு போகும், அப்புறம் முக்கால் மணி நேரம் ஒன்றும் வராது. வெள்ளை போர்டைக் கழற்றிவிட்டு வேறு போர்டு மாட்டி இரண்டு மடங்கு வாங்கிய காலமும் உண்டு. கட்டணத்தை ஆறு வருடம் தொடாமல் வைத்திருந்து ஒரே ராத்திரியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஏற்றுவதைவிட, வருடம் இரண்டு பைசா மூன்று பைசா என்று ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது என்பது என் கருத்து. என் பழைய சங்கத்துக்காரர்களே இதற்கு என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. இவையெல்லாம் திருத்த வேண்டிய விஷயங்கள். ஆனால் பணத்தை நிறுத்தினால் இவற்றில் ஒன்றும் திருந்தாது. ஸ்பேர் காண்டிராக்ட் அப்படியே இருக்கும், நைட் ஹால்ட் பஸ்தான் நிற்கும்.

இடையில் ஒன்று. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 530 கோடி. நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை, முட்டிவலிக்கு அந்த லிஃப்ட் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மின்சார பஸ் ஒன்றே முக்கால் கோடி என்று வைத்தால்கூட, அந்த ஒரு கிலோமீட்டர் காசில் முந்நூறு பஸ் வரும். மெட்ரோ செலவை 'வளர்ச்சி' என்கிறோம், பஸ் செலவை 'நஷ்டம்' என்கிறோம். ஏறுகிற ஆள் யார் என்பதைப் பொறுத்து வார்த்தை மாறுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வெட்டை எதிர்க்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 'பணம் குறைக்காதே' என்று மட்டும் கேட்டால் போதாது. கோடியைக் கூட்டி அறிவித்துவிட்டு நடையைக் குறைக்க முடியும், கண்ணெதிரே நடந்திருக்கிறது. நடையைக் கேளுங்கள். கழகத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் அனுமதிக்கப்பட்ட நடை எத்தனை, ஓடிய நடை எத்தனை என்று தினப் பதிவேடு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பகுதிக் கிளையின் மூன்று மாதப் பதிவை வாங்குங்கள். எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்பதைவிட அந்தத் தாள்தான் உண்மையான பட்ஜெட். கிராம சபையில் தீர்மானம் போடும்போது 'கூடுதல் பஸ் வசதி வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். அப்படி எழுதிய மனுவுக்கு எங்கள் அலுவலகத்தில் பதில் ரெடிமேடாக இருக்கும்: 'நிதிநிலை மற்றும் பணியாளர் நிலையைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்.' தடம் எண், புறப்படும் நேரம், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, அதை நம்பி எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி என்று எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். ஒரு நகல் கிளை மேலாளருக்கு, ஒன்று பொது மேலாளருக்கு. அப்படி வருகிற மனுவுக்கு ரெடிமேட் பதில் எழுதக் கை வராது. நான் அந்த நாற்காலியில் இருந்தவன்.

அந்த நைட் ஹால்ட் ஊரில் அதைச் செய்தது டீக்கடைக்காரர். பஸ் வராத ஒவ்வொரு நாளும் கடையில் மாட்டியிருந்த தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்னால் நேரம் எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். நான்கு மாதத் தாள். அதைக் கட்டாகக் கட்டி மனுவோடு கொடுத்துவிட்டார். கலெக்டர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்தது. பதிவேட்டை எடுத்து வைத்து நாள் நாளாக ஒத்துப் பார்த்தேன். இரண்டு நாள்தான் இடித்தது. அந்த இரண்டு நாளும் பஸ் போனதாக எங்கள் பதிவேட்டில் இருந்தது, டீசல் சீட்டில் இல்லை.